பழைய நீராவி எஞ்சின் ஓடவில்லையா? அறிகுறி பார்த்துப் பிழை நீக்கும் வழி

யாழ்ப்பாணத்தில் பழைய மாதிரி எஞ்சின் சேர்ப்பவர்கள் கொஞ்சப் பேர்தான். எஞ்சின்கள் அப்படியல்ல, தேடினால் கிடைக்கின்றன. லண்டனிலிருந்தும் ரொறன்ரோவிலிருந்தும் உறவினர் அனுப்பிய பெட்டிகளோடு வந்தவை, மலாயாவில் வேலைபார்த்துத் திரும்பியவர்களின் அலுமாரிகளில் கிடந்தவை, வீடு இடிக்கும்போது பழைய இரும்புக்குப் போகவிருந்தவை எனப் பல. பெரும்பாலும் மாமொட் (இங்கிலாந்தின் விளையாட்டு எஞ்சின்), சில விலெஸ்கோ (ஜெர்மனியினுடையது), அபூர்வமாக ஒரு ஸ்டுவர்ட் டர்னர் வார்ப்புத் தொகுதி (வாங்கியவரே கடைந்து பொருத்த வேண்டிய வார்ப்புப் பாகங்கள்). கொண்டுவருபவர்கள் எல்லாரும் சொல்வது ஒன்றுதான்: "இது செத்துப்போய்விட்டது." பார்த்தால் பெரும்பாலானவற்றில் இருப்பது கிணற்றுத் தண்ணீரின் சுண்ணாம்பும் காய்ந்துபோன எண்ணெயும்தான்.

ஒரு பிரிவினையை மட்டும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள். சிலிண்டர், பிஸ்டன், சில்லு உள்ள எஞ்சின் பக்கத்தில் நீங்களே கைவைக்கலாம். தவறு நடந்தால் ஓடாது, அவ்வளவுதான். பொயிலர் பக்கம் அப்படியல்ல. அங்கே கழுவலாம், வோஷர் மாற்றலாம். அதற்கு மேல் தெரிந்தவரிடம் போங்கள்.

மெக்கானோ என்ற விளையாட்டுப் பொருள் பெயரில் 1965 முதல் விற்ற நீராவி எஞ்சின் உங்களிடம் இருந்தால் அதற்கும் மாமொட் வைத்தியமே. 1937இல் ஜெஃப்ரி மாலின்ஸ் பேர்மிங்ஹாமில் தொடங்கிய அதே மாமொட் நிறுவனம்தான் அதையும் செய்தது.

## எதற்கும் முன்: பிழை எந்தப் பக்கம்?

தண்ணீர் ஊற்றித் தீ மூட்டுவது கடைசி வேலை. முதலில் காற்று. தேய்மான இடங்களில் இரண்டு சொட்டு ஒயில் விட்டு, சில்லைக் கையால் சுற்றிப் பாருங்கள். சுற்றினால், சிலிண்டருக்குப் போகும் குழாயைக் கழற்றி, அந்த வாயில் ஒரு சிறு றப்பர் குழாயை மாட்டி, சைக்கிள் பம்மால் காற்றடியுங்கள். குழாய் கழற்ற முடியாதபடி பற்றவைத்திருந்தால், பாதுகாப்பு வால்வைத் திருகி எடுத்து, அந்தத் துளையில் றப்பர் குழாயைக் கையால் அழுத்திப் பிடித்து அடிக்கலாம். அழுத்தம் கூடினால் கை தானாக விலகும். அதுவே அங்கே உங்கள் பாதுகாப்பு.

ரயர் கடைக் கம்பிறசருக்குக் கொண்டுபோக வேண்டாம். விலெஸ்கோவின் பாதுகாப்பு வால்வு 1.5 பார் அழுத்தத்தில் திறக்கும்படி செய்யப்பட்டது. ரயர் கடைத் தாங்கியில் இருப்பது அதைப் போல் பல மடங்கு.

காற்றில் நன்றாக ஓடினால் பிழை பொயிலர் பக்கம்: தீ, தண்ணீர், வோஷர், வால்வு பற்றிய பகுதிகளைப் பாருங்கள். காற்றிலும் ஓடாவிட்டால் தீப்பெட்டியை எடுக்கவே வேண்டாம். "சில்லு அசையவில்லை" என்ற பகுதிக்குப் போங்கள்.

## தீ எரிகிறது, அழுத்தம் ஏறவில்லை

இடமும் காற்றும். சோளகம் வீசும் மாதங்களில் திறந்த முற்றத்தில் வைத்து ஓட்டினால் பாதி வெப்பம் காற்றோடு போகும். விறாந்தையில், சுவரோரமாக, திரைச்சீலை இல்லாத பக்கம் வையுங்கள். உச்சி வெயிலில் ஸ்பிரிட் சுடர் கண்ணுக்குத் தெரியாது. அணைந்துவிட்டது என்று நினைத்து மேலும் ஊற்றுவதால்தான் கை சுடுகிறது. விளக்கு முழுதாக ஆறிய பின்பே மீண்டும் நிரப்ப வேண்டும்.

தண்ணீரின் அளவு. மூன்றில் இரண்டு பங்கு போதும். நிறைய ஊற்றினால் சூடேற நேரம் எடுக்கும், நீராவி சேர இடமும் இராது. பழைய மாமொட்களில் பொயிலரின் பக்கத் தகட்டில் ஒரு சிறு திருகாணி இருக்கும். அதைக் கழற்றிவிட்டு, அந்தத் துளையால் தண்ணீர் வழியும் வரை ஊற்றி மூடுவதுதான் அளவு. பின்னால் வந்தவற்றில் கண்ணாடி இருக்கிறது. கொதிநீரையே ஊற்றித் தொடங்கினால் ஸ்பிரிட் மிச்சம்.

எரிபொருள். ஒரு தேக்கரண்டி ஸ்பிரிட்டைப் பழைய பீங்கான் கோப்பைத் தட்டில் விட்டுக் கொளுத்துங்கள். எரிந்து முடிந்த பின் தட்டில் ஈரம் தேங்கினால் அதில் தண்ணீர் கலந்திருக்கிறது. தளபாடம் மெருகூட்டும் தச்சரிடம் கேட்டால் நல்லது எங்கே கிடைக்கும் என்று சொல்வார்.

1970களின் பிற்பகுதிக்குப் பின் வந்த மாமொட்களில் ஸ்பிரிட் விளக்கு இல்லை. திண்ம எரிபொருள் வில்லைக்கான தட்டுத்தான் இருக்கும். அந்த வில்லைகளை விமானப் பெட்டியில் கொண்டுவர அனுமதியில்லை, அதனால் எஞ்சின் மட்டும் வந்து சேரும். அந்தத் திறந்த தட்டில் ஸ்பிரிட்டை ஊற்றி எரிப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். மேசை இடிபட்டால் தீ ஆற்றைப் போல ஓடும். திருமண மண்டபங்களில் உணவுச் சட்டிகளுக்குக் கீழே எரிக்கிறார்களே, அந்த ஜெல் ஓரளவுக்கு உதவும். சூடு குறைவு, ஆனால் சிந்தாது.

மண்ணெண்ணெய் வேண்டாம். பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிளையே ஓட்டிய ஊர் இது, அதனால் எந்த எஞ்சினுக்கும் அது பொருந்தும் என்ற நம்பிக்கை இன்னும் இருக்கிறது. சாதாரணத் திரியில் அது கரிதான் கக்கும். அந்தக் கரி பொயிலரின் அடியில் படிந்து சூட்டைத் தடுக்கும்.

திரி. கருகிக் கட்டியாகியிருந்தால் மாற்றுங்கள். புதிதாகப் போடுவது பருத்தி நூலோ கண்ணாடி நாரோ எதுவானாலும் சரி. ஆனால் பழையதை உருவும்போது கவனம்: சில பழைய எஞ்சின்களின் திரியிலும் அடைப்புக் கயிற்றிலும் அஸ்பெஸ்ரஸ் இருக்கும். சாம்பல் வெள்ளை நிற நார் தெரிந்தால் உலர்ந்தபடி பிய்க்க வேண்டாம். தண்ணீரில் நனைத்து, ஈரமாகவே எடுத்து, பையில் போட்டுக் கட்டுங்கள்.

வோஷர். பாதுகாப்பு வால்வின் கீழே இருக்கும் நார் வோஷர் காய்ந்து வெடித்திருக்கும். குளிர்ந்த சிறு கண்ணாடித் துண்டை வால்வு, விசில், தண்ணீர்க் கண்ணாடி ஆகியவற்றின் ஓரத்தில் பிடித்துப் பாருங்கள்; எங்கே பூக்கிறதோ அங்கே கசிவு. புதிய நார் வோஷர் போடுங்கள். தண்ணீர்க் குழாய்க் கடை றப்பர் வோஷர் நீராவியில் சில ஓட்டங்களுக்கு மேல் தாங்காது. வெள்ளை டேப் சுற்றிச் சமாளிக்கலாம். ஆனால் புரியின் முதல் சுற்றை விட்டுவிட்டுச் சுற்றுங்கள். இல்லாவிட்டால் அறுந்த நூல் பொயிலருக்குள் போய், பிறகு சிலிண்டர் வாயில் போய் அடைக்கும்.

சுண்ணாம்பு. மேலே சொன்னவை எல்லாம் சரியாக இருந்தும் சோர்ந்தால் இதுதான் காரணம். குடாநாடு முழுவதும் சுண்ணாம்புக் கல்லின் மேல் இருக்கிறது, கிணற்று நீர் அந்தக் கல்லினூடாகத்தான் வருகிறது. உங்கள் வீட்டுக் கேத்தலின் உள்ளே பாருங்கள். அதே வெள்ளைப் பொருக்குத்தான் பொயிலரிலும். காய்ந்த பொயிலரை காதோரம் வைத்துக் குலுக்கினால் பொருக்கு கலகலக்கும்.

முதலில் பித்தளையின் நிறத்தைப் பாருங்கள். எங்கேனும் செம்பு போல இளஞ்சிவப்பாக இருந்தால் நிறுத்திவிட்டுப் பொயிலர் பகுதிக்குப் போங்கள். புளிப்பு எதையும் ஊற்ற வேண்டாம். மஞ்சளாகவே இருந்தால், ஒரு கோப்பை வெந்நீரில் ஒரு தேக்கரண்டி சித்திரிக் அமிலம் கரைத்து ஊற்றி, அரை மணி நேரம் வைத்துக் குலுக்கி ஊற்றிவிடுங்கள். வினாகிரியும் தேசிக்காய்ச் சாறும் இதே வேலையை மெதுவாகச் செய்யும். வெளிவரும் நீர் தெளியும் வரை கழுவுங்கள். இரவு முழுக்க ஊறவைத்தால் இன்னும் நன்றாக இருக்கும் என்று நினைக்க வேண்டாம், அமிலம் சுண்ணாம்போடு நிற்காது, பித்தளையிலிருக்கும் நாகத்தையும் (துத்தநாகத்தையும்) தின்னத் தொடங்கும்.

இனிமேல் எந்தத் தண்ணீர்? மாரியில் பிடித்த மழைநீர் நல்லது: முதல் மழையை ஓடவிட்டு, பிறகு பிடித்தது. கடற்கரையை ஒட்டிய வீடுகளில் கூரையில் உப்புப் படிந்திருக்கும், அங்கே அதுவும் வேண்டாம். பற்றரிக் கடையில் காய்ச்சி வடித்த நீர் கிடைக்கும். ஆனால் அதே கடையில், கிட்டத்தட்ட அதே போத்தலில், பற்றரி அமிலமும் விற்கிறார்கள். பெயர்ச்சீட்டை வாசித்துவிட்டு ஊற்றுங்கள்.

## விசில் நன்றாக ஊதுகிறது, சில்லு அசையவில்லை

அழுத்தம் இருக்கிறது, ஆகவே பொயிலரைக் குறைசொல்ல வேண்டாம். பெரும்பாலும் இது குளிர்ந்த சிலிண்டருக்குள் நீராவி தண்ணீராகிப் பிஸ்டனைத் தடுப்பது. சில்லை விரலால் முன்னும் பின்னுமாகச் சுண்டுங்கள். வெந்நீர் தெறிக்கும், முகத்தைத் தள்ளி வையுங்கள். மூன்று நான்கு சுண்டலில் சிலிண்டர் சூடேறிப் பிடித்துக்கொள்ளும். ஆடும் சிலிண்டர் (சிலிண்டரே இருபக்கமும் அசைந்து நீராவி வாயைத் திறந்து மூடும் வகை) உள்ள மாமொட், விலெஸ்கோக்களில் தண்ணீர் அடைபட்டால் சிலிண்டரே ஸ்பிரிங்கை எதிர்த்துச் சற்று விலகி வழிவிடும், சேதம் வராது. ஸ்டுவர்ட் போன்ற நிலைத்த சிலிண்டரில் வடிகால் குழாய் இருந்தால் அதைத் திறந்துவிட்டுச் சுற்றுங்கள், பலவந்தம் கூடாது.

திசைமாற்றும் நெம்புகோல் உள்ள எஞ்சினா? அது நடுவில் நின்றால் எந்தப் பக்கமும் ஓடாது. சிரிக்க வேண்டாம், "பழுது" என்று கொண்டுவந்ததை இந்த ஒரு தட்டலில் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

அடுத்தது சில்லின் பக்கத் திருகாணி. கிராங்க் சுழன்றும் சில்லு நின்றால் அது தளர்ந்திருக்கிறது. தண்டில் அந்தத் திருகாணி ஏற்கெனவே பதித்த தழும்பு இருக்கும். அதே இடத்தில் இருத்தி இறுக்குங்கள்.

இவை எதுவும் இல்லையென்றால் நீராவி வாய் அடைபட்டிருக்கலாம். ஆடும் சிலிண்டரின் பின்புற நட்டைக் கழற்றி, ஸ்பிரிங் பறந்துபோகாமல் பிடித்து, சிலிண்டரை எடுத்துச் சட்டத்தில் இருக்கும் சிறு துளைகளைப் பாருங்கள். முந்தைய உரிமையாளர் சுற்றிய டேப்பின் நூலோ சுண்ணாம்புத் துகளோ இருக்கும். மெல்லிய செம்புக் கம்பியால் எடுங்கள். உருக்கு ஊசி துளையின் விளிம்பைக் கீறிவிடும், அந்தக் கீறல் பின்னால் கசிவாக வரும்.

## கையால் சுற்றினாலே இறுகி நிற்கிறது

குறடு எடுக்காதீர்கள். இறுகிய எஞ்சினைக் கெடுப்பது இறுக்கமல்ல, குறடுதான்.

பிசின் போல ஒட்டுகிறது, பழுப்பாக இருக்கிறது. சமையலறை எண்ணெய்தான். வீட்டில் இருந்த நல்லெண்ணெயையோ தேங்காயெண்ணெயையோ யாரோ விட்டிருக்கிறார்கள். நல்லெண்ணெய் காய்ந்து பசையாகும். தேங்காயெண்ணெய் கெட்டுப்போய்ப் பித்தளையில் பச்சையாகப் பூக்கும். ஆமணக்கெண்ணெய் மோசமானது: அரக்குப் போல இறுகும். ஸ்பிரிட்டில் நனைத்த துணியைச் சுற்றி, அவ்வப்போது ஒரு சொட்டு விட்டு, இரவு முழுக்க ஊறவிடுங்கள். இங்கே அவசரமில்லை. கருப்பாக, கிறீஸ் போல இருந்தால் அது கனிம ஒயில். அதற்கு மண்ணெண்ணெய் சரி. (அடுப்பில் வேண்டாம் என்றேனே தவிர, கழுவ மண்ணெண்ணெய்க்கு நிகரில்லை.) எதுவானாலும் வர்ணம் பூசிய இடங்களில் படவிடாதீர்கள். பழைய எஞ்சினின் விலையில் பெரும்பகுதி அந்த அசல் வர்ணத்தில்தான் இருக்கிறது. தின்னர் பக்கமே போகக் கூடாது.

துருப் பழுப்பு, சொரசொரப்பு. குருநகர், நாவாந்துறை, பருத்தித்துறைப் பக்கத்து வீடுகளில் இருந்து வருபவை பெரும்பாலும் இப்படி. உப்புக் காற்றில் உருக்குத் தண்டும் கிராங்கும் துருவேறும். துரு இளக்கும் ஒயில் விட்டு, ஒரு நாளுக்கு ஒரு தடவை மட்டும் கையால் மெல்ல அசைத்துப் பாருங்கள். ஒரு மயிரிழை நகர்ந்தாலே வெற்றி. அதே நாளில் முழுச் சுற்றுச் சுற்ற ஆசைப்படாதீர்கள்.

ஒரே இடத்தில் மட்டும் இறுகுகிறது. சில்லை மெதுவாகச் சுற்றியபடி கிராங்க் வட்டைப் பக்கவாட்டில் பாருங்கள். தள்ளாடினால், பயணத்தில் அடிபட்டு வளைந்திருக்கிறது. அதை இருந்தபடியே நிமிர்த்தக் கூடாது. தண்டு தாங்கும் துளையும் சேர்ந்து நீள்வட்டமாகிவிடும். கழற்றி லேத் பட்டறைக்குக் கொண்டுபோங்கள். மோட்டர் பம் தண்டு சரிபார்க்கும் பட்டறைக்காரருக்கு இது சிறு வேலை. "மெருகு போட வேண்டாம், நேராக்கினால் போதும்" என்று சொல்லிக் கொடுங்கள், இல்லாவிட்டால் பளபளக்கத் தீட்டித் தந்துவிடுவார்.

## ஓடுகிறது, ஆனால் தளர்ந்து ஓடுகிறது. பக்கவாட்டில் நீராவி போகிறது

ஆடும் சிலிண்டரின் முகமும் சட்டத்தின் முகமும் சேரும் இடத்தைக் கவனியுங்கள். கொஞ்சம் கசிவது இயல்பு. புகைபோல் கிளம்பினால் மூன்று காரணங்கள், மலிவானது முதலில்.

ஒயில் இல்லை. தையல் மெஷின் ஒயில் தண்டுகளுக்குச் சரி, நீராவி படும் இடத்தில் நிற்காது. நீராவி எஞ்சினுக்கென்று விற்கும் தடித்த ஒயில் வெளிநாட்டிலிருந்து வருபவர்களிடம் சொல்லியனுப்பத்தக்கது. கிடைக்கும்வரை எஸ்.ஏ.ஈ. 40 தரத்து ஒற்றைத்தர எஞ்சின் ஒயில் வேலைசெய்யும். கியர் ஒயில்தான் தடிப்பாக இருக்கிறதே என்று எடுப்பவர்கள் போத்தலை முகர்ந்து பாருங்கள். அந்தக் கந்தக நாற்றம் பித்தளைக்கும் வெண்கலத்துக்கும் பகை.

ஸ்பிரிங் தளர்ச்சி. நட்டை அரைச் சுற்று இறுக்கிப் பாருங்கள். சிலிண்டரை விரலால் இழுத்தால் முகம் எளிதாக விலக வேண்டும். விலகாத அளவுக்கு இறுக்கினால் கசிவு நிற்கும், எஞ்சினும் நிற்கும்.

முகத்தில் கீறல். இது கொஞ்சம் பொறுமையான வேலை, ஆனால் எனக்குப் பிடித்தது. தடித்த ஜன்னல் கண்ணாடித் துண்டின் மேல் 1000ஆம் எண் கறுப்பு அரத்தாளைத் தண்ணீர் விட்டு ஒட்டவையுங்கள். சிலிண்டரின் முகத்தை அதன் மேல் சாய்க்காமல், அழுத்தாமல், எட்டுப் போடுவதுபோல நகர்த்துங்கள். நான்கைந்து எட்டுக்கு ஒருமுறை துடைத்துப் பாருங்கள்: முகம் முழுவதும் ஒரே மங்கல் நிறமாக வரும் வரை. பிறகு 2000ஆம் எண்ணில் சில எட்டு. ஒரு பக்கம் மட்டும் மங்கினால் நீங்கள் சாய்க்கிறீர்கள். முடிந்ததும் சவர்க்கார நீரில் பழைய பற்தூரிகையால் துளைகளையும் சேர்த்துக் கழுவுங்கள். ஒட்டியிருக்கும் ஒரு மணல் துகள் செய்த வேலை முழுவதையும் அழிக்கும். நடுத்தண்டு துருத்தி நிற்கும் வகை சிலிண்டரானால் அந்தத் தண்டுக்காக கண்ணாடியில் அல்ல, துளையிட்ட தட்டையான தகட்டில் அரத்தாளை வைக்க வேண்டும்.

இதற்குப் பிறகும் வலுவில்லையானால் பிஸ்டன் தேய்ந்திருக்கிறது. வாயை விரலால் மூடிப் பிஸ்டனை இழுத்து விடுங்கள். உறிஞ்சித் திரும்பாவிட்டால் அதுதான். மாமொட், விலெஸ்கோ இரண்டுக்கும் இன்றும் உதிரிப்பாகம் செய்து விற்கிறார்கள், எனவே லேத்தில் கடைவதற்கு முன் வாங்கும் செலவை விசாரியுங்கள். ஸ்டுவர்ட்டானால் கடைவதே வழி.

## வெந்நீரைத் துப்பிக்கொண்டு ஓடுகிறது

தண்ணீர் அளவுக்கு மேல், அல்லது தண்ணீரில் எண்ணெய், சவர்க்காரம். வேறு பெரிதாக ஒன்றுமில்லை. காலியாக்கி, சுத்தமான நீரால் இரண்டு மூன்று தடவை அலசி, அளவாக ஊற்றுங்கள்.

## பாதுகாப்பு வால்வு ஓயாமல் கசிகிறது, அல்லது திறக்கவே இல்லை

கசிவதைப் பற்றிக் கவலை குறைவு. தண்டை விரலால் ஓரிரு முறை இழுத்து விட்டு, வெந்நீரில் அலசினால் இருக்கையில் ஒட்டிய சுண்ணாம்பு போய்விடும். திறக்காத வால்வுதான் ஆபத்து. ஒவ்வொரு முறை தீ மூட்டுவதற்கு முன்னும் தண்டை இழுத்துப் பாருங்கள். அசையாவிட்டால் அன்று ஓட்டம் இல்லை. ஸ்பிரிங்கை இழுத்து நீட்டுவது, வோஷர் வைத்து இறுக்குவது, "கசிகிறது" என்று ஆணியால் அடைப்பது எல்லாம் ஒரே குற்றம். வால்வைப் புதிதாக வாங்குங்கள். முழு எஞ்சினில் பழையதாக இருக்கக் கூடாத பாகம் அது ஒன்றே.

வாங்கும்போது புரியைச் சொல்லி வாங்க வேண்டும். பழைய மாமொட்டின் வால்வுக்கு கால் அங்குல விட்டம், அங்குலத்துக்கு 26 புரி. விலெஸ்கோவுக்கு 6 மில்லிமீற்றர் விட்டம், 0.75 மில்லிமீற்றர் புரி இடைவெளி. வன்பொருள் கடையின் சாதாரண 6 மில்லிமீற்றர் ஆணிக்கு இடைவெளி 1 மில்லிமீற்றர். ஒரு சுற்று ஏறிவிட்டு மெல்லிய பித்தளைப் புரியை உரித்துவிடும்.

## பொயிலரில் ஈரம், பச்சைப் பூச்சு, இளஞ்சிவப்பு, வெடிப்பு

தண்ணீர் நிரப்பித் தாளின் மேல் ஓர் இரவு வையுங்கள். காலையில் தாள் நனைந்திருந்தால் எந்த மூட்டின் கீழே நனைந்தது என்று பாருங்கள்.

வோஷர் உள்ள இடமானால் மேலே சொன்னபடி மாற்றுங்கள். பற்றவைத்த மூட்டானால் நிறுத்துங்கள். பழைய விளையாட்டு எஞ்சின்களில் பல பொயிலர்களுக்கு ஈயப் பற்றாசுதான் போட்டிருக்கிறார்கள். அது 190 பாகை செல்சியஸ் அளவிலேயே உருகும். உள்ளே தண்ணீர் இருக்கும்வரை மூட்டு அந்தச் சூட்டை எட்டாது. தண்ணீர் வற்றிய பிறகும் விளக்கு எரிந்தால் சில நிமிடங்களில் மூட்டு இளகும். கசிகிற பழைய பொயிலர்களில் பெரும்பாலானவை ஒருமுறை வற்றவிடப்பட்டவை.

யாரிடம் போவது? இங்கே பலருக்கும் முதலில் நினைவு வருவது கஸ்தூரியார் வீதியின் நகைப் பட்டறைகள்தான். கை நுணுக்கம் அவர்களிடம் உண்டு, வெள்ளிப் பற்றாசும் உண்டு. ஆனால் முன்பு ஈயம் போட்ட மூட்டில் வெள்ளிப் பற்றாசு வைக்கக் கூடாது. மிச்சமிருக்கும் ஈயம் அந்தச் சூட்டில் பித்தளைக்குள் ஊறி மூட்டைச் சொரசொரப்பாக உடையச் செய்யும். ஒன்று, ஈயம் முழுவதையும் சுரண்டி எடுத்த பிறகு வெள்ளி. அல்லது மீண்டும் ஈயமே. இதை நீங்கள் வாய்திறந்து சொல்ல வேண்டும், பட்டறைக்காரர் கேட்கமாட்டார்.

ஒட்டி வந்த பொயிலரைத் தீ மூட்டுவதற்கு முன் தண்ணீரால் சோதிக்கச் சொல்லுங்கள்: முழுக்கத் தண்ணீர் நிரப்பி, கைப்பம்மால் வேலை அழுத்தத்தின் இரு மடங்கு வரை ஏற்றி, மானி இறங்காமல் நிற்கிறதா என்று பார்ப்பது. காற்றால் சோதிப்பதாகச் சொன்னால் பொயிலரை எடுத்துக்கொண்டு வந்துவிடுங்கள். தண்ணீர் நிறைந்த பொயிலர் வெடித்தால் நனையும், காற்று நிறைந்தது வெடித்தால் பறக்கும்.

இளஞ்சிவப்புத் திட்டு என்பது வேறு நோய். பித்தளையிலிருந்து நாகம் போய்ச் செம்பு மட்டும் பஞ்சுபோல் எஞ்சியிருக்கிறது. அதை ஒட்ட முடியாது. பொயிலரை அலுமாரிக்கு அனுப்பிவிட்டு வேறு பொயிலர் தேடுங்கள். எஞ்சின் பக்கத்தைக் காற்றில் ஓட்டிக்கொள்ளலாம்.

மயிரிழை வெடிப்பு, அதுவும் தகடு வளைக்கப்பட்ட ஓரங்களில் தெரிந்தால், அமோனியாவைச் சந்தேகப்படுங்கள். 19ஆம் நூற்றாண்டில் இந்தியாவில் பிரித்தானியப் படைகளின் பித்தளைத் தோட்டா உறைகள் மழைக்காலத்தில் தாமாக வெடித்தன. குதிரை லாயங்களில் அடுக்கி வைத்திருந்தார்கள். குதிரை மூத்திரத்தின் அமோனியாவும் ஈரமும் சேர்ந்து செய்த வேலை அது. ஆகவே மாட்டுக் கொட்டிலை ஒட்டிய அறையில் எஞ்சின் வைக்க வேண்டாம். அமோனியா கலந்த பித்தளை மெருகுத் திரவத்தைப் பொயிலர் பக்கம் கொண்டுபோகவும் வேண்டாம். மங்கலான பித்தளை அழகாகத்தான் இருக்கிறது.

## வார்ப்புத் தொகுதியாக வாங்கிய ஸ்டுவர்ட்

ஸ்டுவர்ட் 10வி போன்றவை முக்கால் அங்குலச் சிலிண்டர் துளை, முக்கால் அங்குலப் பிஸ்டன் ஓட்டம் கொண்டவை. யாரோ பாதி செய்து கைவிட்ட தொகுதிகளாகவே இவை அதிகம் வரும்.

ஆணி இரண்டு சுற்று ஏறி நின்றுவிடுகிறது. உடனே நிறுத்துங்கள். இவை பிஏ (பழைய பிரித்தானியத் திருகு அளவுமுறை) புரி கொண்டவை. 7 பிஏ ஆணி 2.5 மில்லிமீற்றர் விட்டம், 0.48 இடைவெளி. கடையில் கிடைக்கும் 2.5 மில்லிமீற்றர் மெட்ரிக் ஆணிக்கும் விட்டம் அதே, இடைவெளி 0.45. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. வார்ப்பிரும்புத் துளைக்கு அல்ல. லண்டன் உறவினரிடம் சொக்லேட்டுக்குப் பதில் கலப்பு பிஏ ஆணிப் பொதி ஒன்று கேளுங்கள்.

விக்கி விக்கி ஓடுகிறது, ஒரு பக்கம் மட்டும் இழுக்கிறது. வால்வுப் பெட்டியின் மூடியைக் கழற்றி, சில்லைக் கையால் சுற்றுங்கள். பிஸ்டன் மேல் எல்லையில் நிற்கும்போதும் கீழ் எல்லையில் நிற்கும்போதும் நீராவி வாய் மெல்லிய கோடாகத் திறந்திருக்க வேண்டும். ஒரு முனையில் அகலமாகவும் மறுமுனையில் மூடியும் இருந்தால், வால்வுத் தண்டின் நட்டைத் திருப்பி நடுப்படுத்துங்கள். இரு முனையும் சமம், ஆனால் இரண்டும் பிந்தித் திறக்கின்றன என்றால், வால்வை ஆட்டும் மையம் விலகிய சில்லு தண்டில் நழுவியிருக்கிறது. அதன் திருகாணியைத் தளர்த்தி, ஓடும் திசையில் சற்று முன்னே நகர்த்தி இறுக்குங்கள்.

பிஸ்டன் தண்டோரம் நீராவி. அடைப்பு நட்டை விரலால் இறுக்கும் அளவுக்கு மேல் இறுக்க வேண்டாம். நிற்காவிட்டால் பழைய கயிற்றை (அஸ்பெஸ்ரஸ் எச்சரிக்கை இங்கேயும் உண்டு) ஈரப்படுத்தி எடுத்து, கிரஃபைட் நூல் சுற்றுங்கள்.

சிலிண்டர் துளை கடைவது, தண்டு நேர்ப்படுத்துவது இரண்டும் லேத்காரர் வேலை. வரைபடம் இல்லாமல் வார்ப்பைக் கொடுக்காதீர்கள். கண்ணளவில் கடைந்த வார்ப்புக்கு மறுபிறவி இல்லை.

## பெட்டியில் சேர்ந்து வந்த மாதிரி விமானத்தின் சிறு டீசல் எஞ்சின் இறுகியிருக்கிறது

மில்ஸ், ஈடி பீ போன்றவை. ஆமணக்கெண்ணெய் கலந்த எரிபொருளில் ஓடியவை, ஆகவே காய்ந்த அரக்குத்தான் காரணம். மேலிருக்கும் அழுத்தத் திருகை முதலில் இரண்டு சுற்றுத் தளர்த்துங்கள். தலைமயிர் உலர்த்தியால் கை பொறுக்காத அளவுக்குச் சூடாக்கி, மெல்லிய ஒயில் விட்டு, விசிறியைக் கையால் மெல்ல அசையுங்கள். வராவிட்டால் மறுபடி சூடு, மறுபடி ஒயில். விசிறியை நெம்பினால் முதலில் வளைவது உள்ளேயிருக்கும் மெல்லிய இணைப்புத் தண்டு.

அசைந்த பிறகு ஓட்டுவது வேறு கதை. அதற்கு ஈதர், மண்ணெண்ணெய், ஆமணக்கெண்ணெய் சேர்ந்த கலவை வேண்டும். ஈதர் இல்லாமல் இது தொடங்காது. பெற்றோல் ஊற்றியும் பயனில்லை. ஈதரின் ஆவி அறைக்கப்பால் இருக்கும் அடுப்பிலிருந்தும் தீயைப் பிடித்துவரும், எனவே அதை வீட்டில் கலக்கும் வேலையில் நான் யாருக்கும் வழி சொல்வதில்லை. கனிம ஒயில் நாலு சொட்டு விட்டு, பிஸ்டன் வெளியேற்று வாயை மூடி நிற்கும்படி, ஆனால் உச்சத்தில் இறுகாமல், சுற்றி நிறுத்திவிட்டு மேசையில் வையுங்கள்.